டெஃப்லான் எதைத் தாங்கும், எதைத் தாங்காது

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் கல்பாக்கம். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 1985 அக்டோபர் 18-ஆம் தேதி ஒரு சோதனை ஈனுலை இயங்கத் தொடங்கியது. அதன் மையத்திலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்வது தண்ணீர் இல்லை, உருகிய சோடியம். எந்த அமிலத்தாலும் அசைக்க முடியாது என்று பெயரெடுத்த டெஃப்லானை உருகிய சோடியம் தின்றுவிடும். உலையிலிருந்து வரும் கதிர்வீச்சும் அதை உதிர வைத்துவிடும். டெஃப்லானுக்கு உலகத்தில் எதிரிகள் மிகக் குறைவு. அவற்றில் இரண்டு செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரே ஊரில் இருக்கின்றன. அதனாலேயே இந்தப் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேச இந்தக் கடற்கரை நல்ல இடம்.

வேதியியலில் இதன் பெயர் பாலிடெட்ராஃபுளோரோஎத்திலீன், சுருக்கமாக பி.டி.எஃப்.இ. டெஃப்லான் என்பது அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனம் 1945-ல் பதிவு செய்த வணிகப் பெயர். ஆனால் லேத் பட்டறையிலும் ஹார்டுவேர் கடையிலும் யார் தயாரித்தாலும் அது டெஃப்லான்தான். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

பால் பாக்கெட்டாக வரும் பாலிதீனை எல்லோருக்கும் தெரியும். நீளமான கார்பன் சங்கிலி, ஒவ்வொரு கார்பனிலும் இரண்டு ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜன்களை எல்லாம் எடுத்துவிட்டு ஃபுளோரினை வைத்தால் டெஃப்லான். மாற்றம் அவ்வளவுதான், ஆனால் பொருளின் குணமே வேறாகிவிடுகிறது. கார்பனும் ஃபுளோரினும் பிடித்துக்கொள்ளும் பிடி, கரிம வேதியியலில் உள்ள மிக வலுவான ஒற்றைப் பிணைப்புகளில் ஒன்று. ஃபுளோரின் அணு ஹைட்ரஜனைவிடப் பெரியது. அதனால் சங்கிலி முழுவதையும் இடைவெளி இல்லாமல் உறைபோல மூடிவிடுகிறது. கந்தக அமிலமோ காஸ்டிக் சோடாவோ உள்ளே இருக்கும் கார்பனைத் தொட வழி கிடையாது.

ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம் இன்னொன்று. எந்தப் பொருளும் இன்னொன்றில் ஒட்டுவது, இரண்டின் மூலக்கூறுகளுக்கும் இடையே இருக்கும் மெல்லிய ஈர்ப்பால். ஃபுளோரின் தன் எலக்ட்ரான்களை மிக இறுக்கமாக வைத்துக்கொள்வதால் பக்கத்தில் வரும் பொருளை அது ஏறக்குறைய ஈர்ப்பதே இல்லை. தண்ணீரும் எண்ணெயும் அதன்மேல் படராமல் திரண்டு நிற்கின்றன. கண்ணாடியில் தலைகீழாக ஓடும் பல்லியால்கூட உலர்ந்த டெஃப்லான் பரப்பைப் பிடித்து நிற்க முடியாது.

வெளியே இருப்பதை ஈர்க்காத இந்தச் சங்கிலிகள் தங்களுக்குள்ளும் ஒன்றையொன்று பெரிதாக ஈர்ப்பதில்லை. அதனால்தான் டெஃப்லான் வழுக்குகிறது. உராய்வுக் குணகம் 0.04 முதல் 0.1 வரை, திடப் பொருள்களில் இது மிகக் குறைவு. அதே காரணத்தால்தான் அது மென்மையாகவும் இருக்கிறது. நகத்தால் கீறினால் கோடு விழும். தொடர்ந்து பாரம் வைத்தால், சூடே இல்லாவிட்டாலும், மெல்ல மெல்ல நசுங்கிப் பரவும். டெஃப்லானை வைத்து வேலை செய்யும் பொறியாளர்கள் படும் பாட்டில் பாதி இந்த நசுங்கலைச் சமாளிப்பதில்தான் போகிறது. கண்ணாடி இழை, கார்பன், கிராஃபைட், வெண்கலத் தூள் என்று எதையாவது கலந்து அதைக் கெட்டிப்படுத்துகிறார்கள்.

இது தேடிக் கண்டுபிடித்த பொருளே இல்லை. 1938 ஏப்ரல் 6 அன்று நியூஜெர்சியில் டியூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் என்ற இளம் வேதியியலாளர், குளிர்சாதனத்துக்கான புது வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். டெட்ராஃபுளோரோஎத்திலீன் வாயு நிரப்பிய சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை. எடை போட்டால், நிரப்பியபோது இருந்த எடை அப்படியே இருக்கிறது. அவரும் உதவியாளர் ஜாக் ரெபோக்கும் சிலிண்டரை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே வெள்ளையாக, மெழுகு போன்ற வழவழப்பான தூள். சிலிண்டருக்குள்ளேயே வாயு மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியாகியிருந்தன.

விலை அதிகம் என்பதால் தூள் ஆய்வகத்தோடு நின்றிருக்கும். போர் அதை வெளியே கொண்டு வந்தது. அணுகுண்டுக்கு யுரேனியத்தைச் செறிவூட்ட அதை யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவாக மாற்ற வேண்டும். அந்த வாயு சாதாரண கேஸ்கெட்டுகளை எல்லாம் அரித்துவிடும். ஏற்கெனவே ஃபுளோரின் நிரம்பிய டெஃப்லானிடம் அதற்குப் பறிக்க ஒன்றும் இல்லை. டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் ஆலையில் வால்வுகளுக்கும் சீல்களுக்கும் டெஃப்லான் போனது. இந்தப் பிளாஸ்டிக்கின் முதல் பெரிய வேலையே அணுத் தொழிலில்தான்.

சமையலறைக்கு அது வந்தது பிறகு. பிரான்ஸில் மார்க் கிரிகோர் என்ற பொறியாளர் தூண்டில் நரம்பு சிக்கலாகாமல் இருக்க டெஃப்லானைப் பயன்படுத்தியவர். அலுமினியத்தின் மேற்பரப்பை அமிலத்தால் நுணுக்கமாகக் குழி விழச் செய்து, அந்தக் குழிகளில் டெஃப்லானைப் பிடிக்க வைக்கும் முறையைக் கண்டார். அதை வாணலியில் செய்து பார்க்கச் சொன்னது அவர் மனைவி கொலெட். 1956-ல் டெஃபால் நிறுவனம் பிறந்தது. எதிலும் ஒட்டாத பொருள் வாணலியில் மட்டும் எப்படி ஒட்டுகிறது என்ற கேள்விக்கு விடை இதுதான்: அது ஒட்டவில்லை, கரடுமுரடான பரப்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போது அந்தப் பிடிக்கு உதவியாக வேறொரு ரெசினையும் அடிப்பூச்சில் கலக்கிறார்கள்.

டெஃப்லான் தயாரிப்பின் ஆரம்பம் ஃபுளோர்ஸ்பார் என்ற கனிமம். அதிலிருந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு எடுத்து, குளோரோஃபார்முடன் சேர்த்தால் ஆர்-22 வாயு கிடைக்கும். பழைய ஏ.சி.களில் மெக்கானிக்குகள் நிரப்பிய அதே வாயு. தமிழ்நாட்டில் மேட்டூர் கெம்பிளாஸ்ட் ஆலையில் தயாரான வாயு. அதை 700 டிகிரி அளவுக்குச் சூடேற்றி உடைத்தால் டெட்ராஃபுளோரோஎத்திலீன். ஐதராபாத் அருகே ருத்ராரத்தில் பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் ஃபுளோரோகார்பன்ஸ் டெஃப்லான் தயாரித்து வந்தது. 2020-ல் மத்திய அரசு அதை மூட முடிவெடுத்தது. இன்று நாட்டின் பெரிய தயாரிப்பு குஜராத்தின் தஹேஜில் நடக்கிறது. நம் பட்டறைகளுக்கு அது ராடாகவும் ஷீட்டாகவும் வந்து சேர்கிறது.

ராடாக வருவதற்குக் காரணம் உண்டு. மற்றப் பிளாஸ்டிக்குகளை உருக்கி அச்சில் ஊற்றலாம். டெஃப்லான் 327 டிகிரி செல்சியஸில் உருகினாலும் ஓடாது. சங்கிலிகள் அவ்வளவு நீளம். உருகிய பிறகும் வடிவம் மாறாமல் கண்ணாடிபோலத் தெளிந்த ஜெல்லாக நிற்கும். அதனால் செங்கல் அறுப்பதுபோல முதலில் தூளை அச்சில் அழுத்தி வடிவமாக்கி, பிறகு 360 முதல் 380 டிகிரி அடுப்பில் சுட்டு, மெதுவாக ஆற விடுகிறார்கள். அந்தக் கட்டையை லேத்தில் கடைந்துதான் புஷ், வாஷர், சீல் எல்லாம் எடுக்க வேண்டும்.

லேத்தில் அதைக் கடைவது பார்க்கச் சுலபம். வெள்ளை ரிப்பனாக, அறுபடாமல் சுருள் சுருளாக வரும். அளவெடுக்கும்போதுதான் ஏமாற்றும். டெஃப்லானின் படிக அமைப்பு 19 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையே மாறுகிறது. அந்த மாற்றத்தில் கன அளவு சுமார் ஒரு சதவீதம் கூடும். மறைமலை நகரிலோ அம்பத்தூரிலோ ஒரு பட்டறையில் 34 டிகிரி வெயிலில் கடைந்த 50 மில்லிமீட்டர் புஷ்ஷை, 20 டிகிரியில் ஏ.சி. ஓடும் சோதனை அறையில் அளந்தால் 0.1 மில்லிமீட்டருக்கு மேலேயே குறைந்திருக்கும். கடைந்தவர் மேல் பிழை இல்லை. வரைபடத்தில் எந்த வெப்பநிலையில் அளக்க வேண்டும் என்று எழுதாமல் விட்டவர் மேல்தான் பிழை.

நம்மில் அதிகம் பேர் கையால் தொட்டிருக்கக்கூடிய டெஃப்லான், வாணலியைவிட, பிளம்பரின் வெள்ளை டேப்தான். கடற்கரைச் சாலை ஓரத்து வீடுகளில் உப்புத் தண்ணீர் ஓடும் குழாய்களில் அதைக் காணலாம். முன்பெல்லாம் குழாய் மரையில் சணல் நாரைச் சுற்றி மேலே பெயின்ட் தடவுவார்கள். சணல் நாளடைவில் மக்கும், டெஃப்லான் மக்காது. அது ஒட்டும் டேப் இல்லை; பசை எதுவும் கிடையாது. சுடாத டெஃப்லானை மெல்லிய பட்டையாக இழுத்தது. விரலால் இழுத்துப் பாருங்கள்: முதலில் நீளும், பிறகு நூல் நூலாகப் பிரியும். மரையில் சுற்றி இறுக்கும்போது அது நசுங்கி இடுக்குகளை அடைக்கிறது, வழுக்குவதால் இன்னும் ஒரு சுற்று கூடுதலாக இறுக்கவும் விடுகிறது. மரை உங்களைப் பார்த்து இருக்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் ஃபிட்டிங்கைத் திருகும்போதே டேப் பிதுங்கி வெளியே வரும், கசிவும் நிற்காது.

இந்த இழுக்கும் குணத்தை 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் வேறு வழியில் கொண்டுபோனார். சூடான டெஃப்லான் ராடை மெதுவாக இழுத்தால் அறுந்தது. வெடுக்கென்று இழுத்தால் பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த சவ்வாக மாறியது. நீராவியை விட்டு, தண்ணீரைத் தடுக்கும் மழை உடுப்பு அப்படி வந்தது. நம் மாவட்டத்துக்கு நெருக்கமான பயன் வேறு. திருப்போரூர் அருகே ஆலத்தூரில் மருந்துத் தொழிற்பேட்டை இருக்கிறது. கிருமியில்லா ஊசி மருந்து தயாரிக்கும் ஆலைகளில் தொட்டியிலிருந்து மருந்தை எடுக்க எடுக்க உள்ளே காற்று போக வேண்டும், கிருமி போகக் கூடாது. அந்த வழியில் 0.2 மைக்ரான் துளை கொண்ட டெஃப்லான் சவ்வு வடிகட்டியாக நிற்கும். அது நனையாது என்பதால் ஈரத்திலும் துளை அடைபடாது.

மருந்து ஆலைகளில் டெஃப்லானின் பெரிய வேலை கேஸ்கெட். அமிலமும் கரைப்பானும் கொதிக்கும் கலன்களின் ஃபிளாஞ்சுகளுக்கு நடுவே வேறெதை வைத்தாலும் ஊறும், கரையும் அல்லது மருந்தில் கலக்கும். ஆனால் தனி டெஃப்லான் வளையத்தை வைத்து போல்ட்டை இறுக்கினால், முன்பு சொன்ன நசுங்கல் வந்துவிடும். நாள் போகப் போக இறுக்கம் தளர்ந்து கசியும். அதற்காகத்தான் உறை கேஸ்கெட்: வெளியே அமிலம் தொடும் பக்கம் டெஃப்லான், உள்ளே பாரத்தைத் தாங்க வேறொரு அடர்த்தியான ஷீட். அதைப் போட்டாலும், ஒரு முறை சூடாகி ஆறிய பிறகு போல்ட்டுகளை மறுபடி இறுக்குவது நல்ல ஃபிட்டரின் பழக்கம். இதைச் செய்யாமல் விட்ட ஃபிளாஞ்சில் கசிவது தண்ணீராக இருக்காது, அமிலமாக இருக்கும். பக்கத்தில் நிற்பவர் முகத்தை நினைத்துப் பார்த்தால் அந்த ஐந்து நிமிட வேலையின் மதிப்பு புரியும்.

நசுங்கலை அடக்கி, வழுக்கலை மட்டும் எடுத்துக்கொள்ளும் அழகான இடம் பாலம். 40 மீட்டர் கான்கிரீட் உத்தரம் 30 டிகிரி வெப்ப மாறுதலில் சுமார் 14 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். தூணோடு அதைக் கட்டிப்போட்டால் தூண் விரிசல் விடும். அதனால் உத்தரத்தின் அடியில் பளபளப்பாகத் தீட்டிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, தூணின் மேல் டெஃப்லான் ஷீட். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். டெஃப்லானைச் சும்மா வைக்க மாட்டார்கள். எஃகுத் தகட்டில் பள்ளம் எடுத்து, அதில் பாதி புதையும்படி பதிப்பார்கள். நசுங்கினாலும் பக்கவாட்டில் ஓட இடம் இல்லை. ஷீட்டின் மேல் சிறு குழிகள், அவற்றில் சிலிகான் கிரீஸ். ஆச்சரியம் என்னவென்றால், பாரம் கூடக் கூட டெஃப்லானின் உராய்வுக் குணகம் குறைகிறது. நின்ற நிலையிலிருந்து நகரத் தேவைப்படும் விசைக்கும் நகர்ந்துகொண்டிருக்கும்போது வேண்டிய விசைக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. பாலம் வெட்டி வெட்டி நகராமல் சீராக வழுக்குகிறது. இந்திய சாலைப் பாலங்களுக்கான ஐ.ஆர்.சி. விதித்தொகுப்பில் இந்த வகைத் தாங்கிகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது.

டெஃப்லானைத் தலைக்கு மேல் பார்க்க வேண்டுமானால் சேப்பாக்கம் போகலாம். 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்த சிதம்பரம் மைதானத்தில் கூம்பு கூம்பாக நிற்கும் வெள்ளைக் கூரை, டெஃப்லான் பூசிய துணிச்சவ்வு. இந்த வகைக் கூரையில் வலுவைத் தருவது கண்ணாடி இழைத் துணி. உப்புக் காற்றையும் வெயிலையும் தாங்குவது டெஃப்லான். தூசி படிந்தாலும் மழை கழுவிவிடும். 1981-ல் திறந்த ஜெத்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தின் கூடாரங்களும் இதே வகைதான். மின்சாரத் துறையில் விமானக் கம்பிகளுக்கும் உயர் அதிர்வெண் கேபிள்களுக்கும் இது காப்பு. சூட்டில் உருகி வழியாது, சமிக்ஞையை வீணாக்காது.

இனி கல்பாக்கம். சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்கத் துடிக்கும் உலோகம். ஃபுளோரின் வாங்கத் துடிப்பது. உருகிய சோடியம் டெஃப்லானைத் தொட்டால் கார்பனிடமிருந்து ஃபுளோரினைப் பறித்து சோடியம் ஃபுளோரைடாகிவிடும். மிஞ்சுவது கருத்த கரி. கல்பாக்கத்தில் பாவினி நிறுவனம் கட்டிய 500 மெகாவாட் ஈனுலையில் சோடியம் 397 டிகிரியில் உலை மையத்துக்குள் நுழைந்து 547 டிகிரியில் வெளியேறும்படி வடிவமைப்பு. அந்தச் சூடே, டெஃப்லானைத் தொடர்ந்து பயன்படுத்தக்கூடிய 260 டிகிரி எல்லைக்கு வெகு மேலே. ஆனால் சூடு குறைந்த குழாயில்கூட, 98 டிகிரியில் உருகும் சோடியம் ஓடும்வரை, டெஃப்லான் சீலை நம்ப முடியாது. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து இணைப்பதும், வால்வுத் தண்டுக்கு உலோக பெல்லோஸ் போடுவதும்தான் சோடியத் தொழிலின் வழி.

இந்தத் தாக்குதலையே பட்டறைக்காரர்கள் நல்ல வேலைக்கும் வைத்திருக்கிறார்கள். சோடியம் கலந்த ஒரு கரைசலில் டெஃப்லான் ஷீட்டைச் சிறிது நேரம் முக்கினால் மேல்தோலில் மட்டும் ஃபுளோரின் உரிந்து, பழுப்பாகிவிடும். அந்தப் பக்கத்தில் பசை பிடிக்கும். ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் பழுப்புமாக விற்கும் ஷீட் இப்படி வந்ததுதான்.

கதிர்வீச்சு இன்னும் கொடியது. காமாக் கதிர் கார்பன் சங்கிலியையே நடுவில் அறுக்கிறது. பாலிதீனில் அறுந்த முனைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓரளவு சமாளிக்கும். டெஃப்லானில் காற்றுபட அறுந்தது அறுந்ததுதான். சுமார் 10 கிலோகிரே அளவிலேயே வலு பெரிதும் போய்விடுகிறது. பாலிஇமைடு போன்ற பிளாஸ்டிக்குகள் அதைப்போல் ஆயிரம் மடங்கு தாங்கும். உடையும்போது வெளிவரும் ஃபுளோரின் சேர்மங்கள் பக்கத்து உலோகத்தையும் அரிக்கும். எனவே கதிர்வீச்சு மிகுந்த இடங்களில் டெஃப்லானைத் தவிர்ப்பது அணுத் துறையின் பொது வழக்கம். எரிந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைக்கும் மறுசுத்திகரிப்பு ஆலையை எண்ணிப் பாருங்கள். அமிலத்தை மட்டும் பார்த்தால் டெஃப்லானைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. கதிர்வீச்சு சேர்ந்ததும் அந்தப் பொருத்தம் போய்விடுகிறது. சிறப்பு எஃகும் டைட்டானியமும் தேவைப்படுகின்றன. டெஃப்லான் உள்ள மருத்துவக் கருவிகளைக் காமாக் கதிரால் கிருமி நீக்காமல் நீராவியாலோ எத்திலீன் ஆக்ஸைடாலோ செய்வதும் இதனால்தான்.

சமையலறையில் டெஃப்லானின் எதிரி வெறும் வாணலி. தோசை வார்க்கும் சூட்டில் பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. காலி வாணலியைப் பெரிய தீயில் வைத்துவிட்டுப் போனால் சில நிமிடங்களில் 260 டிகிரியைத் தாண்டும். 350 டிகிரியைக் கடந்தால் பூச்சு சிதைந்து நச்சு வாயு வரத் தொடங்கும். அதை முகர்ந்த மனிதருக்குக் குளிர் காய்ச்சல் போல வந்து ஓரிரு நாளில் போகும். கூண்டுப் பறவைகளுக்கு அந்த அவகாசம் இல்லை. கிளியும் லவ் பேர்ட்ஸும் செத்துவிடும். பறவை வளர்க்கும் வீட்டில் சமையலறைப் பக்கம் கூண்டை வைக்கக் கூடாது என்பதை வாணலி விற்பவர்களே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. உரிந்த பூச்சுத் துணுக்கு வயிற்றுக்குள் போனால் அப்படியே வெளியேறிவிடும். அதற்குப் பதற வேண்டாம்.

பதற வேண்டியது வேறு. டெஃப்லான் தயாரிக்கும்போது துணைப்பொருளாகப் பல பத்தாண்டுகள் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனம், மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் ஆலையிலிருந்து ஊர்க் குடிநீரில் கலந்தது. வழக்கறிஞர் ராபர்ட் பிலாட் ஆண்டுக்கணக்கில் நடத்திய வழக்குகளின் முடிவில், 2017-ல் 67 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர ஒப்பந்தமானது. 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அந்த ரசாயனத்தைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஏறக்குறைய எதுவும் தாக்காத கார்பன்-ஃபுளோரின் பிணைப்பை ஆற்றில் வாழும் நுண்ணுயிரும் தாக்க முடியாது. போனது போன இடத்திலேயே தங்கும். 2023 ஜனவரியில் ஐந்து ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து, டெஃப்லானையும் உள்ளடக்கிய இந்தக் கார்பன்-ஃபுளோரின் சேர்மங்களின் குடும்பம் முழுவதையும் கட்டுப்படுத்த முன்மொழிந்தன. மருந்து ஆலை கேஸ்கெட்டுக்கும் பாலத் தாங்கிக்கும் மாற்று தேடுவது கடினம். தோசைக்கு நம்மிடம் இரும்புக் கல் இருக்கிறது. பழக்கினால் அதுவும் ஒட்டாது.

இந்த மாவட்டத்தில் டெஃப்லானோடு நாள் முழுக்கப் பழகுபவர்கள் லேத் தொழிலாளிகள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இரண்டு. டெஃப்லான் தூள் படிந்த விரலால் பீடியோ சிகரெட்டோ பற்றவைக்கக் கூடாது. நெருப்பு முனையில் அந்தத் தூள் எரிந்து, காலி வாணலியிலிருந்து வரும் அதே நச்சுப் புகை நேரே நெஞ்சுக்குள் போகும். கை கழுவிவிட்டு, பட்டறைக்கு வெளியே போய்த்தான் புகைக்க வேண்டும். இரண்டாவது, கடைந்து விழுந்த சுருளைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தக் கூடாது. சுத்தமான வெள்ளைச் சுருளை வாங்கி, கதிர்வீச்சால் உடைத்து, பெயின்ட்டிலும் கிரீஸிலும் கலக்கும் நுண்தூளாக்குகிறார்கள். அங்கும் பி.எஃப்.ஓ.ஏ. உருவாகக்கூடும் என்பதால் அது கட்டுப்பாட்டோடு செய்ய வேண்டிய வேலை. கண்ணாடி இழை, வெண்கலம் கலந்த சுருளை அதோடு ஒரே கோணியில் போட்டால் வெள்ளைச் சுருளும் விலை போகாது; கோணியைத் தனித்தனியாக வைப்பது நல்லது.